பரிசாகக் கொடுத்த சாகாத மீன்

நான் வேலை பார்த்த மீன் காட்சியகத்தில் இப்போது கல்வி மேலாளராக இருக்கும் ஷ்ருதி போன வாரம் ஒரு மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். தொட்டிகளுக்கு முன்னால் தொடுதிரைகள் வைத்துவிட்டார்களாம். பிள்ளைகள் தொட்டியில் நீந்தும் மீனை விட்டுவிட்டுத் திரையில் இருக்கும் மீனைத் தேய்க்கிறார்களாம். அதைப் பெருமையாகத்தான் எழுதியிருந்தார். ஆண்டுமலருக்கு நான் ஒரு கட்டுரை தர வேண்டும். தலைப்பையும் அவரே கொடுத்துவிட்டார்: ‘உங்கள் பணிக்காலத்தில் பார்வையாளர்களின் நடத்தையில் நிரூபிக்கத்தக்க மாற்றத்தை உண்டாக்கிய ஒரு முயற்சி.’ கூடவே ஒரு படிவம். ஆதாரம் இருந்தால் இணைக்க வேண்டுமாம்.

ஆதாரத்துக்கு என்ன குறை? ஓர் ஏரி நிறைய இருக்கிறது.

விலங்கியலில் எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு மல்லேஸ்வரத்தில் ஒரு டியூட்டோரியலில் தவளையின் ரத்த ஓட்டத்தைச் சில வருடங்கள் கரும்பலகையில் ஓட விட்டுக்கொண்டிருந்தேன். அப்போது ஒரு தொழிலதிபர் குடும்பத்தின் அறக்கட்டளை பெங்களூரில் பெரிய மீன் காட்சியகம் கட்டிக் கல்விப் பிரிவுக்கு ஆள் தேடியது. கடல் இல்லாத ஊரில் கடல் மீன் காட்டும் இடம். கடல் நீரையே உப்பு வாங்கிக் கரைத்துத்தான் தயாரிக்க வேண்டும். நேர்முகத் தேர்வில் என்னிடம் ஒரே கேள்விதான் கேட்டார்கள். “ஒரே நேரத்தில் நூறு பிள்ளைகள் வந்தால் கண்ணாடியைத் தட்டாமல் பார்த்துக்கொள்வீர்களா?” பார்த்துக்கொள்வேன் என்றேன். ஓய்வு பெறும்வரை அதைச் சாதிக்க முடியவில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

கேள்வி கேட்டவர் டைரக்டர் மேடம். தார்வாடுக்காரர், மீன்களில் டாக்டர் பட்டம் வாங்கியவர். எந்தத் தாளையும் நின்றுகொண்டுதான் படிப்பார். உட்கார்ந்து படித்தால் தப்புகள் தூங்கிவிடும் என்பது அவர் கட்சி. தப்பு என்று வாயால் சொல்லவே மாட்டார். கூராகச் சீவிய பென்சிலால் வரியின் ஓரத்தில் சின்னதாக ஒரு கேள்விக்குறி போட்டுத் திருப்பிக் கொடுப்பார். என்ன தப்பு என்பதை நாம்தான் மண்டையை உடைத்துக்கொண்டு கண்டுபிடிக்க வேண்டும். திருத்திய தாள் போனால் நீல மையில் கையெழுத்து வரும். ‘சுறா ஆபத்தானதல்ல’ என்று நான் எழுதிய பலகைக்கு மூன்று முறை கேள்விக்குறி விழுந்தது. நாலாவது முறை ‘இந்தச் சுறா’ என்று திருத்தினேன். கையெழுத்து வந்தது. கோபம் வரும், ஆனால் அவர் குறி போட்ட இடத்தில் தப்பு இல்லாமல் இருந்ததில்லை.

பள்ளிக் கூட்டம் வந்தால் ஒரு முறை வைத்திருந்தேன். வாசலில் தலைகளை எண்ணுவது, தண்ணீர் பாட்டில்களை வாங்கி வைப்பது, இருட்டுக் கூடத்துக்குள் நுழையும் முன் கண்ணை மூடி இருபது வரை எண்ணச் சொல்வது. ஒவ்வொரு தொட்டியிலும் ஒரு சேதி, ஒரு கேள்வி, அவ்வளவுதான். பிள்ளைகளின் முதல் கேள்வி எப்போதும் “இதைச் சாப்பிடலாமா அங்கிள்?” இரண்டாவது, “எப்போ சாப்பாடு?” கடைசியில் வினாடி வினா. ஒவ்வொரு வகுப்பிலும் முதலாவதாக வந்தவருக்கு ஒரு மீன் பரிசு. ‘வீட்டுக்கு ஒரு மீன்’ என்று அதற்குப் பேர் வைத்தவன் நான்தான்.

முதலில் கப்பி என்னும் குட்டி அலங்கார மீன் கொடுத்தோம். பாலிதீன் பையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதிக்கு ஆக்சிஜன், வாயை முறுக்கி ரப்பர் பேண்டால் இரட்டைக் கட்டு. வீட்டுக்குப் போனதும் பையை அப்படியே தொட்டியில் இருபது நிமிடம் மிதக்க விட வேண்டும், பிறகுதான் அவிழ்க்க வேண்டும். நூறு தடவை சொல்லுவேன். பிள்ளைகள் பஸ்ஸிலேயே பையை ஒருவர் தலையில் ஒருவர் வைத்து விளையாடுவார்கள். சாயங்காலமே மீன் செத்துப்போகும். மறுநாள் பெற்றோர் போன் செய்வார்கள். ஒக்கலிபுரத்திலிருந்து ஓர் அப்பா செத்த மீனை டிபன் பாக்ஸில் வைத்துக் கொண்டுவந்து, “எம் பொண்ணு ராத்திரி சோறு துன்னல சார். இதுக்கு கேரண்டி எதுவும் கெடையாதா?” என்று கேட்டார். அந்த டிபன் பாக்ஸை நானே கழுவித் துடைத்துக் கொடுத்தேன்.

சிவாஜிநகரில் எங்களுக்கு மீன் சப்ளை செய்த கடைக்காரரிடம் புலம்பினேன். அவர் சிரித்துக்கொண்டே ஒரு தொட்டியின் அடியில் ஒட்டிக்கொண்டிருந்த கறுத்த, முரட்டுத் தோல் மீனைக் காட்டினார். சக்கர் என்பார்கள். பாசியைத் தின்பதால் கடைகளில் அதற்கு டேங்க் கிளீனர் என்று பேர். “இத குடுங்க சார். தண்ணி மாத்தலேன்னாலும் சாவாது. ரெண்டு மணி நேரம் வெளிய கெடந்தாலும் சாவாது. குஷியா குடுங்க.”

குஷியாகக் கொடுத்தேன். ஏறத்தாழ பத்து வருடம் கொடுத்தேன். புகார் ஒன்றுகூட வரவில்லை. பரிசு வாங்கிய பிள்ளையின் பெயர், பள்ளி, பகுதி எல்லாவற்றையும் பெரிய பதிவேட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கினேன். மீனோடு ‘என் செல்ல மீன்’ என்று ஒரு கையேடு. கன்னடம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும். திட்டத்துக்கு ஒரு விருதுகூடக் கிடைத்தது. கேடயத்தில் ஒரு டால்பின் இருந்தது.

கையேட்டின் கடைசிப் பக்கம் எழுதும்போதுதான் சிக்கல் வந்தது. இந்த மீன் விரல் நீளத்தில் போய், முழங்கை நீளத்துக்கு வளரும். தொட்டி போதாது. அப்போது என்ன செய்வது? திருப்பி வாங்க எங்களிடம் இடம் இல்லை. அப்படியானால் வலியில்லாமல் கொல்வது எப்படி என்று எழுத வேண்டும். எட்டு வயதுப் பிள்ளைக்கு நான் எப்படி ‘கொல்’ என்று எழுதுவேன்? ஒரு நாள் முழுக்க யோசித்து இப்படி எழுதினேன்: ‘உங்கள் மீன் பெரிதாகிவிட்டதா? கருணையோடு அதை அருகிலுள்ள ஏரியில் விட்டுவிடுங்கள். அதற்கும் சுதந்திரம் பிடிக்கும்.’ எழுதிவிட்டு எனக்கே கண் கலங்கியது.

மேடம் அந்த வரியின் ஓரத்தில் கேள்விக்குறி போட்டுத் திருப்பினார். அச்சகத்துக்காரர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். மேடத்துக்கு நெஞ்சில் ஈரமே கிடையாது, அதுதான் குறி போட்டிருக்கிறார் என்று முடிவு கட்டினேன். ரப்பரை எடுத்துக் குறியை அழித்தேன். தாளை மறுபடி உள்ளே அனுப்பினேன். நீல மையில் கையெழுத்து வந்தது.

ஓய்வுக்கு இன்னும் ஐந்தாறு வருடம் இருந்தபோது ஒரு நாள் வரவேற்பறையில் சத்தம் கேட்டு ஓடினேன். வாட்டசாட்டமான ஒருவர் கோணிப்பையைத் தலைகீழாகக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். பளிங்குத் தரையில் முழங்கை நீளச் சக்கர் மீன்கள் விழுந்து, முள் துடுப்புகளைத் தரையில் ஊன்றி ஊன்றி நகர்ந்தன. அவர் தொம்மலூர் பழைய ஊருக்குள் இருப்பவர். பெயர் ஏழுமலை. நகரின் கிழக்குப் பக்கத்து ஏரி ஒன்றில் மீன் பிடிக்கும் அனுமதி அவருடைய குழுவிடம் இருந்தது.

“ஆட்டோல வந்தேன் சார், ஒன்றர மணி நேரம். இன்னும் சாவல பாருங்க. கட்லாவும் ரோகுவும் மாட்டுற வலையில இப்ப இதான் மாட்டுது. முள்ளு வலைய பிரிச்சி எறிஞ்சிடுது. கரையில பொந்து போட்டு முட்ட வெக்கிது. துன்னவும் முடியாது, விக்கவும் முடியாது. இன்னா சார் மீனு இது?”

“சக்கர்னு பேரு. இந்த ஊர் மீன் இல்ல, வெளிநாட்டு மீன்.”

“அதத்தான் சார் அவங்களும் சொல்றாங்க. வாக்கிங் போறவங்க சங்கத்துல பெட்டிஷன் குடுத்துட்டாங்க. நாந்தான் வெளிநாட்டு மீன கொண்டாந்து உட்டு வளக்குறேனாம். அடுத்த வாரம் விசாரண. பர்மிட்ட புடுங்கிடுவாங்க. எங்கப்பா காலத்துலர்ந்து அந்தத் தண்ணிதான் சார் எங்களுக்குச் சோறு. எங்கேருந்து வந்துச்சின்னு நீங்க ஒரு வார்த்த எழுதிக் குடுங்க, போதும்.”

எங்கிருந்து வந்தது என்று அவர் கேட்டபோதே எனக்குப் பதிவேடு ஞாபகம் வந்துவிட்டது. வாய் மட்டும் பழக்கத்தில், “ஆராய்ஞ்சு பாத்துதான் சொல்ல முடியும்” என்றது. அவர் நம்பிக்கையாகக் கும்பிட்டுவிட்டு மீன்களைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு போனார். நான் அறைக்கு வந்து பதிவேட்டைத் திறந்தேன். அந்த ஏரியைச் சுற்றியிருந்த பள்ளி ஒன்றைக்கூட நான் விட்டுவைத்திருக்கவில்லை. அவ்வளவு சுறுசுறுப்பான கல்வி மேலாளராக இருந்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை வலையைப் பார்க்கிறேன் என்று ஏரிக்குப் போனேன். ஏழுமலை கரையில் பரிசலைக் கவிழ்த்து வைத்து, அதன் மேல் வலையை விரித்துக் கிழிசல்களைக் காட்டிக்கொண்டிருந்தார். அப்போது அப்பா, அம்மா, ஒரு பெண் குழந்தை மூவரும் ஒரு நீல வாளியோடு வந்தார்கள். வாளிக்குச் சாமந்தி மாலை போட்டிருந்தது. குழந்தை என்னைப் பார்த்ததும், “ஹய்யோ, மீன் அங்கிள்!” என்று குதித்தது. “பாருங்க அங்கிள், எவ்ளோ பெருசாயிடிச்சி! நீங்க புக்ல போட்டிருந்தீங்கல்ல, ஏரியில விடணும்னு? அதான் கொண்டாந்தோம்.”

அப்பா கைப்பேசியை உயர்த்தி, “சார், நீங்களும் ஒரு கை பிடிங்க. போட்டோ நல்லா வரும்” என்றார்.

நான் பிடிக்கவில்லை, தடுக்கவும் இல்லை.  குழந்தை வாளியைச் சாய்த்தது. மீன் வழுக்கிக்கொண்டு தண்ணீருக்குள் போனது. குடும்பம் கை தட்டியது. அத்தனை வருடத்தில் கண்ணாடியைத் தட்டாதே என்றேன், கேட்கவில்லை. ரொட்டித் துண்டு போடாதே என்றேன், கேட்கவில்லை. பையை இருபது நிமிடம் மிதக்கவிடு என்று தொண்டை வற்றச் சொன்னேன், ஒருவரும் கேட்கவில்லை. இந்த ஒன்றை மட்டும் ஊரே சேர்ந்து, மாலை போட்டு, அட்சரம் பிசகாமல் கேட்டிருக்கிறது.

 அந்தக் குடும்பம் போகும்வரை ஏழுமலை கிழிசலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் திட்டியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

“வெசாரணைக்கு வருவீங்களா சார்?” என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் மேடத்திடம் போய்ச் சொன்னேன். அவர் நின்றபடியே கேட்டார். அறக்கட்டளைக்காரர்களிடம் போனில் பேசிவிட்டு, மாலையில் எனக்கு ஒரு கடிதம் கொடுத்தார். விசாரணையில் நான் படிக்க வேண்டியது. ‘இம்மீன்கள் ஏரிக்கு வந்த மூலம் உறுதியாகத் தெரியவில்லை.’ பென்சில் கறை இல்லாத சுத்தமான தாள், நீல மையில் கையெழுத்து.

“சம்பத் அவ்ரே, இது அவங்க சொன்ன வாசகம்” என்றார் கன்னடத்தில். “நான் கையெழுத்துதான் போட்டிருக்கேன்.”

அவரிடமிருந்து அவ்வளவு நீளமான விளக்கம் அதற்கு முன் எனக்குக் கிடைத்ததில்லை.

விசாரணை ஏரிக்கரை அலுவலகத்தில் நடந்தது. ஒரு மேஜை, ஓர் அதிகாரி, பிளாஸ்டிக் நாற்காலிகள். நடையாளர் சங்கத்தின் செயலாளர் செந்தில், கோயம்புத்தூரிலிருந்து வந்து இங்கே ஐடி கம்பெனியில் இருப்பவர், மடிக்கணினியில் ஏரியின் படங்களைப் போட்டுக் காட்டினார். பாதி ஆங்கிலம், பாதி தப்பில்லாத கன்னடம். இயற்கைச் சமநிலை குலைந்துவிட்டது, வணிக நோக்கத்தில் அந்நிய மீனைக் கொண்டுவந்தவரின் அனுமதியை ரத்து செய்ய வேண்டும் என்றார். ‘இயற்கைச் சமநிலை’ என் கையேட்டின் இரண்டாம் பக்கத்தில் உள்ள சொல். ஏழுமலை சட்டைப் பையிலிருந்து பழைய அனுமதிச் சீட்டுகளை எடுத்து மேஜையில் அடுக்கிக்கொண்டிருந்தார். அப்பா பேரில் இருந்தவை, தன் பேரில் இருந்தவை. அவரிடம் இருந்த ஆதாரம் அவ்வளவுதான்.

“மீன் காட்சியகத்திலிருந்து யாரு?” என்று அதிகாரி கேட்டார்.

எழுந்தேன். ஒரு கையில் கடிதம், இன்னொரு கையில் கையேடு, கக்கத்தில் பதிவேடு. தைரியசாலி என்று யாரும் நினைக்க வேண்டாம்.  கடிதத்தைப் படிப்பதாகத்தான் பாதி மனது. ஏழுமலை நிமிர்ந்து என்னைப் பார்க்கவே இல்லை. நான் என்ன படிப்பேன் என்று அவர் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டார் போலிருந்தது. அது எனக்குப் பொறுக்கவில்லை. கையேட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்து கன்னடத்தில் படித்தேன். ‘கருணையோடு அதை அருகிலுள்ள ஏரியில் விட்டுவிடுங்கள். அதற்கும் சுதந்திரம் பிடிக்கும்.’

“இதை எழுதினது நான். மீனைக் கொடுத்ததும் நான். இவர் ஒரு மீன்கூட விடலை” என்று சொல்லிவிட்டுப் பதிவேட்டை மேஜையில் வைத்தேன்.

 செந்தில் மடிக்கணினியை மெதுவாக மூடினார். “சார்,” என்றார் தமிழில், குரல் இறங்கிப்போய், “எங்க பாப்பாவும் ஒண்ணு வாங்கிட்டு வந்தாளுங்க. நாங்களும் இங்கதான் விட்டோம். ஸ்டேட்டஸ்லகூட வெச்சிருந்தேனுங்க.” பிறகு அதை அவரே அதிகாரிக்குக் கன்னடத்தில் சொன்னார். அதற்காக அவரை இன்றைக்கும் மதிக்கிறேன். பதிவேட்டில் அவர் மகளின் பேரை நான் தேட வேண்டியிருக்கவில்லை.

ஏழுமலையின் அனுமதி தப்பியது. அதிகாரி ஒரு நிபந்தனை எழுதினார்: வலையில் வரும் சக்கர் மீன்களை மீனவர் ஏரிக்குள் திருப்பி விடக்கூடாது, காட்சியகம் அவற்றை வாங்கி முறைப்படி அழிக்க வேண்டும். வெளியே வந்ததும் ஏழுமலையிடம் மன்னிப்புக் கேட்டேன். “பர்மிட்டு நின்னுச்சி, அது போதும் சார்” என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, “ஆனா மீனு நிக்காது” என்றார்.

பரிசுத் திட்டம் அன்றோடு ஊற்றி மூடப்பட்டது. அறக்கட்டளையிலிருந்து எனக்கு ஒரு குறிப்பாணை வந்தது. வரவேண்டிய பதவி உயர்வு வரவில்லை. நான் எழுதிய விளக்க அறிக்கையை மேடம் நின்றுகொண்டு முழுக்கப் படித்தார். பென்சில் எங்கும் நிற்கவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு நிமிர்ந்தார்.

“அன்னைக்கு நான் போட்ட கேள்விக்குறியை ரப்பரால அழிச்சீங்க. பதில் கிடைச்சதாலதான் அழிச்சிருக்கீங்கன்னு நினைச்சேன். நானும் கேட்டிருக்கணும்.”

அவ்வளவுதான். மீன்களை யார் அழிப்பது என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அடுத்த திங்கள்கிழமை ஏழுமலை இரண்டு கூடை இறக்கியபோது நானே பின்கட்டுக்குப் போனேன்.

அதற்கும் முறை உண்டு. பெரிய டிரம்மில் ஏரித் தண்ணீர், மீனை மயக்கும் கிராம்பு எண்ணெய் தனியே வெந்நீரில் நன்றாகக் குலுக்கிக் கலந்தது. முதலில் மீன் சாய்ந்து நீந்தும். பிறகு புரளும். செவுள் அசைவு நின்றதும் எடுத்துவிடக் கூடாது. இது சாகாத மீன் என்று பேர் வாங்கியது; நெடுநேரம் காத்திருந்து, கண்ணைத் தொட்டுப் பார்த்து, பிறகு ஐஸ் பெட்டிக்கு மாற்ற வேண்டும். முதல் வாரம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பின்கட்டு முழுக்கப் பிரியாணி வாசம் வேறு. ஓய்வு பெறும்வரை திங்கள்தோறும் செய்தேன். ‘கொல்’ என்று எழுதக் கை கூசியவனுக்கு அதுதான் வேலையாக அமைந்தது.

ஒரு திங்கள்கிழமை ஒரு பள்ளிக் கூட்டம் வழிதவறிப் பின்கட்டுக் கதவு வரை வந்துவிட்டது. ஆசிரியை பின்னால் எங்கேயோ கத்திக்கொண்டிருந்தார். முன்னால் நின்ற பெண் எட்டிப் பார்த்து, “என்ன அங்கிள் பண்றீங்க?” என்றாள்.

‘சிகிச்சை’ என்ற சொல் நாக்கு நுனி வரை வந்தது. அதை விழுங்கிவிட்டு, “கொல்றேன்மா” என்றேன்.

யாரும் எப்போ சாப்பாடு என்று கேட்கவில்லை. ஏன் என்று கேட்டார்கள். சொன்னேன். வலை கிழிந்ததைச் சொன்னேன். ஏரியில் யார் விட்டார்கள் என்று கேட்டார்கள். விடச் சொன்னது நான்தான் என்றேன். ஒரு பையன், “அப்ப உங்க மேலதானே தப்பு?” என்றான். ஆமாம் என்றேன். டிரம்மில் ஒரு மீன் புரண்டது. எல்லாரும் அதைப் பார்த்தார்கள். கண்ணாடியே இல்லை, ஆனாலும் ஒரு கைகூட நீளவில்லை.

இரண்டு வாரம் கழித்து அதே பெண் அப்பாவோடு வந்தாள். மூடி போட்ட வாளி. அப்பா வாசலிலேயே என்னிடம், “இவ அண்ணன் ஜெயிச்சது சார். ஏரியில விட்டுடலாம்னு சொன்னேன், ஒத்துக்கவே மாட்டேங்கிறா. உங்ககிட்டதான் குடுக்கணுமாம்” என்றார், கொஞ்சம் எரிச்சலாக.

அவள் பின்கட்டு வரை வாளியை அவர் கையில் கொடுக்காமல் தானே தூக்கி வந்தாள். டிரம் பக்கத்தில் வைத்துவிட்டு மூடியைத் திறந்தாள். தொட்டிச் சுவரில் ஒட்டுவதுபோல மீன் வாளியில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதன் முதுகை ஒரு விரலால் தடவினாள். அழுதாள், ஆனால் வாளியைத் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை.

“வலிக்காம பண்ணுங்க அங்கிள்” என்றாள். “முடியற வரைக்கும் நான் இங்கயே நிக்கிறேன்.”

நின்றாள்.